சென்சாரைக் கழற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பொக்லைன் வாங்குகிற பலரும் எஞ்சினையும் பம்ப்பையும்தான் சோதிப்பார்கள். புகை பார்ப்பார்கள், பூமை, அதாவது வண்டியின் பெரிய கையை, தூக்கி நிறுத்தி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வாங்கிய பிறகு பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் விரல் நீளத்து சென்சார்களும் அவற்றுக்குப் போகும் வயர்களும்தான். மானிட்டரில் விளக்கு எரியும், எஞ்சின் வேகம் ஏறாது, ஆபரேட்டர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதலாளிக்குப் போன் போடுவார். எரர் கோடு, அதாவது மானிட்டர் காட்டும் கோளாறு எண், ஆயில் பிரஷர் என்று சொல்கிறதா, சரி, ஆயில் பிரஷர் சென்சாரை வாங்கி மாட்டு என்பார்கள். மாட்டியும் விளக்கு அணையாது. காசு போனதுதான் மிச்சம்.

வண்டியின் கம்ப்யூட்டரான கண்ட்ரோலர் எந்த சென்சாரையும் நேரில் பார்ப்பதில்லை. வயர் வந்து சேரும் தன் பின்னில் (ஊசி முனையில்) கிடைக்கும் வோல்டேஜ் ஒன்றுதான் அதற்குத் தெரியும். மூன்று வயர் உள்ள பிரஷர் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து அனுப்பும்; திரும்பி வருவது ஏறக்குறைய 0.5-இலிருந்து 4.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் கோடு போட்டுவிடும். சென்சார் செத்தாலும், வயர் அறுந்தாலும், வயரை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பிடித்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் ஜே1939 என்ற பொது முறைப்படி கோடு வருகிறது. அதில் இரண்டு எண்கள். எஸ்.பி.என். என்பது எந்த சர்க்யூட் என்று சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 157 இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயின் பிரஷர். என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எஃப்.எம்.ஐ. என்ற இரண்டாவது எண்ணைத்தான் நம் ஆட்கள் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 3 என்றால் வோல்டேஜ் கூடிப்போயிருக்கிறது, 4 என்றால் குறைந்திருக்கிறது. இரண்டுமே மின்சாரக் கோளாறு. 100-உடன் 1 வந்தால் கதையே வேறு: ஆயில் பிரஷரே நிஜமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது வயரைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். சில கம்பெனிகள் சொந்தக் கோடு வைத்திருப்பார்கள், அதற்கு அந்த வண்டியின் புத்தகம்தான் வழி.

சரி, எஃப்.எம்.ஐ. 4 வந்திருக்கிறது என்று வையுங்கள். கீ ஆனில் வைத்து சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கோடு 4-இலிருந்து 3-க்கு மாறினால் வயரும் கண்ட்ரோலரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் உள்ளே ஷார்ட். கழற்றியும் 4 அப்படியே நின்றால் வயரில் தேட வேண்டும். இரண்டு வயர் உள்ள சூடு சென்சார் என்றால் இன்னும் சுலபம். கப்ளரைக் கழற்றினால் கண்ட்ரோலர் மிகக் குளிர் என்று நினைக்கும், இரண்டு பின்னையும் ஒரு கம்பியால் இணைத்தால் மிகச் சூடு என்று நினைக்கும். இரண்டும் நடந்தால் வயரில் குறையில்லை. மூன்று வயர் சென்சாரில் மட்டும் இப்படி இணைத்துவிடாதீர்கள், 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகிவிடும்.

அந்த 5 வோல்ட் லைனுக்கு ஒரு குணம் உண்டு. பல சென்சார்கள் ஒரே லைனில் தொங்கும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் கோடு விழும். மானிட்டரில் ஒரே நேரத்தில் நாலைந்து கோடு வந்தால் நாலைந்து சென்சாரும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். ஒரு கப்ளரில் வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, ஆள் அதுதான்.

ஒரு வண்டியில் பூமை முழுக்கத் தூக்கினால் மட்டும் எஞ்சின் சுருதி இறங்கும். இறக்கினால் சரியாகிவிடும். ஏற்கெனவே இரண்டு சென்சார் மாற்றியிருந்தார்கள். பூமின் அடியில் வயர் கட்டைப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றைக் காணோம். கட்டு பிளேட்டின் விளிம்பில் உரசி உரசி, மேல் குழாய் கிழிந்து, ஒரு வயரின் தாமிரம் நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. பூம் ஏறும்போது அது இரும்பைத் தொடும். கிளாம்ப் இருந்திருந்தால் அந்த வேலையே இல்லை. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மீட்டரை மாட்டிவிட்டு வயரை அங்கங்கே அசைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்; அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்காலத்தில் துரு ஏறும்.

எர்த்தும் பாருங்கள். விற்பதற்காகப் பெயிண்ட் அடித்த வண்டியில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் புகுந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்குங்கள்.

கோடே விழாத கோளாறுதான் ரொம்பக் கஷ்டம். பம்ப் பிரஷர் சென்சார் எஞ்சின் நின்ற பிறகும், லீவரை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகும், 0.5-க்குப் பதிலாக 1 வோல்ட் அனுப்புகிறது என்று வையுங்கள். எல்லைக்குள் இருப்பதால் கண்ட்ரோலர் அதை நம்பிவிடும். பம்ப்பில் சுமை கூடிவிட்டது என்று பம்ப் தள்ளும் எண்ணெயைக் குறைக்கும். வண்டி மந்தமாகும், பம்ப் போய்விட்டது என்று ஒருவர் லட்சக் கணக்கில் எஸ்டிமேட் போடுவார். பம்ப்பை இறக்குவதற்கு முன் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கேஜ் ஒன்றை மாட்டி, மானிட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 350 பார் வரை போகும் லைன் அது, சாதாரண கேஜை மாட்டி விளையாட வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போங்கள். விற்பவர் "சூடு பண்ணி வைத்திருக்கிறேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கீயை மட்டும் ஆன் செய்து, சர்வீஸ் மெனுவிலோ ஸ்கேனரிலோ எண்களைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில், உள்ளே போகும் காற்று மூன்றும் அன்றைய காலைச் சூட்டையே காட்ட வேண்டும், சில டிகிரி முன்பின் இருக்கலாம். ஆயில் பிரஷர் சுழியம். விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும்; எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் வேலை வாங்குங்கள். கூலன்ட் முள் ஆரம்பத்திலிருந்தே நடுவில் நின்று அசையாமல் இருந்தால் கப்ளரைத் திறந்து பாருங்கள். சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி டேப் சுற்றி வைத்திருக்கலாம். அந்த வண்டியின் எஞ்சின் எத்தனை முறை கொதித்தது என்பது விற்பவருக்கு மட்டும்தான் தெரியும். வணக்கம்.