பசியை வளர்ப்பது ஏற்றுமதித் தடையே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். உலகப் பசியை வளர்ப்பது விளைச்சல் குறைவா, ஏற்றுமதித் தடையா? தடைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிக் கைதட்டலை அள்ளினார். "தன் பிள்ளை பட்டினி கிடக்க, ஊரான் பிள்ளைக்குப் பந்தி வைப்பவன் ஏமாளி" என்றார். அந்தக் கைதட்டலைத் திரும்பக் கேட்கத்தான் வந்தேன்.

ஐயா, 2008-இல் விளைச்சலா பொய்த்தது? உலக நெல் விளைச்சல் அதுவரை காணாத உயரத்தில் இருந்தது. 2007 அக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசிக்குத் தடை போட்டது. அடுத்து வியட்நாம், எகிப்து. பிலிப்பைன்ஸ் பதறிப்போய்க் கேட்ட விலைக்கு வாங்க ஓடியது. டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஜப்பானின் கிடங்குகளில் சுமார் 15 லட்சம் டன் வெளிநாட்டு அரிசி கிடந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக வாங்கியது. உள்ளூரில் அதை விரும்பிச் சாப்பிட ஆளில்லை. 2008 மே மாதம், அதை வெளியே கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அமெரிக்காவும் ஆட்சேபம் இல்லை என்றது. அவ்வளவுதான், விலை சரிந்தது! எத்தனை கப்பல் கிளம்பியது? கிளம்பவே இல்லை ஐயா! மூட்டை அசையவில்லை, கிடங்கின் பூட்டு திறக்கவில்லை, விலை மட்டும் இறங்கியது. கடைசிவரை அந்த அரிசியில் வெளியே போனது மிகச் சொற்பம். கொடுக்கிறேன் என்ற சொல்லுக்கே இறங்கிய விலை, கொடுக்கமாட்டேன் என்ற சொல்லுக்கு ஏறாமல் என்ன செய்யும்?

சரி, தன் பிள்ளையாவது வளர்ந்ததா? 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்ளூரில் எண்ணெய் மலிவாக வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் கொள்கலன்கள் நிரம்பின, பனைக்குலை வாங்க ஆளில்லை, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் தடையை எடுத்தார்கள். அந்த விவசாயி யார் பிள்ளை ஐயா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றுதானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்?

இப்போது ஹைட்டிக்கு வாருங்கள். அரிசிக்குப் பெரும்பாலும் வெளிநாட்டை நம்பிய நாடு. 2008 ஏப்ரலில் விலை பொறுக்காமல் மக்கள் வீதிக்கு வந்தார்கள், உயிர்கள் போயின, பிரதமர் அலெக்சி பதவி இழந்தார். அங்கே சேரியில் தாய்மார்கள் களிமண்ணில் உப்பும் கொழுப்பும் பிசைந்து, வெயிலில் காயவைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். மண்ணை, நடுவர் அவர்களே! எந்த வயலும் அவளை ஏமாற்றவில்லை. எங்கோ ஒரு தலைநகரில் இரவோடு இரவாக ஒரு அறிவிப்பு வந்தது. அதைப் போட்ட அரசைக் கேள்வி கேட்க அவளுக்கு அங்கே ஓட்டு இல்லை. அவளும் ஒரு தாய், அதுவும் ஒரு பிள்ளை. ஊரான் பிள்ளை என்று எப்படி ஐயா வாய் வருகிறது?

அவளுக்கு இல்லாத அந்த ஓட்டை இந்த மேடையில் நீங்கள் போடுங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். வணக்கம்.