பியரோகி: பிட்ஸ்பர்க்ல ஒரு சைவத் தட்டு

வணக்கம் நேயர்களே. வெளியூர் போனா சைவக்காரங்க என்ன சாப்பிடறதுன்னு பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. பொதுவா பேச ஆரம்பிச்சா சாலட்டு, ஃப்ரைஸு, வெறும் பிரெட்டுன்னு புலம்பல்லயே நேரம் ஓடிடும், அதனால ஒரே ஒரு ஐட்டத்தை எடுத்துக்கறேன். பியரோகி, மாவுக்குள்ள கிழங்கு, காளான்னு ஏதாவது வச்சு மடிச்சு வேகவைக்கற போலந்துப் பக்கத்துப் பண்டம். அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலத்துல பிட்ஸ்பர்க்னு ஒரு ஊர், எங்க பொண்ணு அங்கதான் இருக்கா, அவ கூட்டிட்டுப் போன ஒரு ஃபுட் ஹால்ல சாப்பிட்டது.

ஃபுட் ஹால்னா பெரிய குடோன் மாதிரி ஒரு கூடம், சுவரை ஒட்டி வரிசையா சின்னச் சின்ன கடைங்க, ஒருத்தர் டாக்கோ, ஒருத்தர் ராமென், ஒருத்தர் பீட்சா, நடுவுல எல்லாருக்கும் பொதுவா நீள மேஜை. எங்க வேணா வாங்கலாம், எங்க வேணா உக்காரலாம், நம்பரைக் கூப்பிட்டா எழுந்து போய் தட்டை வாங்கிக்கணும். சர்வர் யாரும் வந்து தலைக்கு மேல நிக்க மாட்டாங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துது.

பியரோகி கடை போர்டுல பாதிக்கு மேல கறி இல்லாத அயிட்டம்! உருளைக்கிழங்கும் சீஸும், சவர்க்ராட்னு சொல்ற புளிக்க வச்ச முட்டைக்கோஸ், காளான், அப்புறம் இனிப்புல ப்ளம்ஸ் பழம் வச்சது. பாவம் வெஜிடேரியன்னு ஓரத்துல ரெண்டு லைன் ஒதுக்கினதில்ல, மெயினே அதுதான். அதுக்குக் காரணம் இருக்கு. பிட்ஸ்பர்க் ஸ்டீல் ஊர். 19-ஆம் நூற்றாண்டு கடைசிலயும் 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் இரும்பு ஆலைல, நிலக்கரி சுரங்கத்துல வேலை செய்ய போலந்து, ஸ்லோவாக்கியா, உக்ரைன் பக்கத்துலேர்ந்து ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கினாங்க, இன்னிக்கும் அங்க போலிஷ் ஹில்னு ஒரு ஏரியாவே இருக்கு. கையில காசு கம்மி, மாவும் கிழங்கும் வெங்காயமும் இருந்தா வயிறு ரொம்பிடும். இன்னொரு காரணம் விரதம். நம்ம ஊர் கத்தோலிக்கக் குடும்பங்கள்ல ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல ஒருவேளை மட்டும் சாப்பிடற ஒருசந்தி, கறி தொடாத சுத்தபோசனம்னு சொல்வாங்கல்ல, அதே கணக்குதான். அமெரிக்கால 1966 வரைக்கும் வருஷம் பூரா வெள்ளிக்கிழமைன்னா கறி கிடையாது, அப்புறம்தான் தவக்கால வெள்ளிக்கு மட்டும்னு தளர்த்தினாங்க. இப்பவும் அந்தச் சீசன்ல சர்ச்சுக்குக் கீழ இருக்கிற ஹால்ல பாட்டிமாருங்க வட்டமா உக்காந்து மாவை மடிச்சு ஓரத்தை அழுத்தி டஜன் டஜனா வித்து கோயிலுக்குக் காசு சேக்குறாங்க. போலந்துல கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்துலயும் கறி இருக்காது, அன்னிக்கு முட்டைக்கோஸும் காளானும் வச்ச பியரோகிதான்.

சரி, தட்டுக்கு வரேன். பாக்கறதுக்கு நம்ம சோமாசி மாதிரி அரைவட்டம், ஆனா மொறுமொறுப்பா இருக்காது. முதல்ல தண்ணில வேகவச்சு, அப்புறம் வெண்ணெய்ல போட்டுப் புரட்டி எடுக்கறாங்க. ஒரு பக்கம் மட்டும் பொன்னிறமா சின்னச் சின்னக் கொப்புளத்தோட, மறுபக்கம் வெள்ளையா வழவழன்னு. மேல வெங்காயம், அதுவும் அவசரமா வதக்கினது இல்ல, வெண்ணெய்ல பொறுமையா விட்டு பழுப்பு நிறத்துக்கு வந்து இனிக்கற வெங்காயம். பக்கத்துல ஒரு குட்டிக் கிண்ணத்துல சவர் க்ரீம், கெட்டித் தயிர் மாதிரி புளிப்பா இருக்கும். ஃபோர்க்கால வெட்டினா உள்ள மசிச்ச கிழங்கு ஆவி பறக்குது, உடனே வாயில போட்டுடாதீங்க, மேல் மாவு ஆறினாலும் உள்ள நெருப்பு. போலந்துல இதுக்குப் புளிப்பு லேசா இருக்கற ஒரு ஃப்ரெஷ் சீஸ் போடுவாங்க, அமெரிக்கால பெரும்பாலும் செடார். எனக்கு செடார் கொஞ்சம் உப்புத் தூக்கலாப் பட்டுது, சவர் க்ரீம் தொட்டப்புறம்தான் சமமாச்சு. அந்த அழுத்தி மடிச்ச ஓரம் இருக்கே, கெட்டியா, கடிச்சா இழுக்கும், என் பொண்ணு அதை ஒதுக்கி வச்சா, நான் அதையும் எடுத்துத் தின்னேன். முட்டைக்கோஸ் வச்சதுதான் என் ஓட்டு, அந்தப் புளிப்பும் வெண்ணெயும் சேர்ந்து வர்றப்போ தயிர்சாதத்துக்கு ஊறுகா வேணும்னு தவிக்கற நாக்குக்கு ஒரு நிம்மதி.

இப்ப உஷாரா இருக்க வேண்டிய விஷயம். உள்ள கறி இல்லன்னு நம்பி வாங்கினா மேல பன்றிக்கறித் துண்டை வறுத்துத் தூவித் தந்துடுவாங்க, போலந்துலயும் இந்தப் பழக்கம் உண்டு, அதனால ஆர்டர் பண்றப்பவே பேக்கன் வேண்டாம்னு சொல்லிடணும். சில இடத்துல முட்டைக்கோஸையே பன்றிக்கறியோட சேத்து வதக்கியிருப்பாங்க, கேட்டுக்கணும். கில்பாசான்னு ஒரு சாசேஜ், அது பொரியற அதே கல்லுலதான் இதையும் புரட்டறாங்களான்னும் கேளுங்க. நான் கேட்டேன், அந்தப் பையன் முகம் சுளிக்காம தனி வாணலி எடுத்தான், அஞ்சு நிமிஷம் கூட ஆச்சு, அவ்வளவுதான். அப்புறம் முட்டை. அவங்க ஊர்ல வெஜிடேரியன்னா முட்டை சேர்த்தி, நிறைய பேர் மாவுலயே முட்டை போட்டுப் பிசைவாங்க. முட்டை தொடாதவங்க வீகன் இருக்கான்னு கேக்கறது உத்தமம், அப்ப சீஸும் வெண்ணெயும் போயிடும், ருசி பாதி போச்சு, அது வேற கவலை.

அந்த ஊர்க்காரங்களுக்கு இது மேல எவ்வளவு பாசம்னா, பிஎன்சி பார்க் ஸ்டேடியத்துல பேஸ்பால் மேட்ச் நடுவுல பியரோகி வேஷம் கட்டிக்கிட்டு ஓட்டப்பந்தயம் விடறாங்க, சீஸ் செஸ்டர், சவர்க்ராட் சால்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு வேற. ஸ்பான்சர் மிஸஸ் டீஸ்னு ஒரு கம்பெனி, 1952-ல அதே மாநிலத்துல ஷெனன்டோவாங்கற சுரங்க ஊர்ல ஒருத்தர் அம்மா கைப்பக்குவத்தை வச்சு ஆரம்பிச்சது, இப்ப ஃப்ரோசன் பாக்கெட்டா சூப்பர் மார்க்கெட்ல கிடைக்குது. கொதிக்கற தண்ணில போட்டா வெந்ததும் மேல மிதக்கும், வடிச்சு வெண்ணெய்ல புரட்ட வேண்டியதுதான். வீட்ல செஞ்சப்போ இட்லிப்பொடி தூவிப் பாத்தேன், எடுபடல, கிழங்கு ருசியே தெரியாமப் போச்சு. மிளகுத்தூள் போதும். வணக்கம்.