நடக்க வைக்கும் ரோபோவும் வலி தெரியாத கால்களும்

நேயர்களுக்கு வணக்கம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். எக்ஸோஸ்கெலிட்டன் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இடுப்பிலும் கால்களிலும் பட்டை போட்டு மாட்டிக்கொள்ளும் ரோபோ அது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் மோட்டார், முதுகிலோ இடுப்பிலோ பேட்டரி. பல வருடம் சக்கர நாற்காலியில் இருந்தவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி எழுந்து அடி எடுத்து வைக்கிறார். அந்த வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, "இது என் பையனுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர் 1997இல் நடந்த விபத்தில் கைகால் செயலிழந்தவர். அவர் உருவாக்கிய ரீவாக் கருவிக்கு, அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2014 ஜூனில் அனுமதி கொடுத்தது. அந்த வகையில் அங்கே அனுமதி பெற்ற முதல் கருவி அதுதான். ஆனால் நிபந்தனைகளோடுதான் கொடுத்தார்கள். மார்புப் பகுதியின் 7ஆவது முள்ளெலும்பிலோ அதற்குக் கீழோ அடிபட்டவர்கள் வீட்டில் போடலாம். பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 4ஆவது முதல் 6ஆவது முள்ளெலும்பு வரை அடிபட்டவர்கள் மறுவாழ்வு மையத்தில் மட்டும்தான் போடலாம். மாடிப்படி ஏறக் கூடாது, விளையாடக் கூடாது என்றும் அப்போது சொன்னார்கள்; படி ஏற 2023இல்தான் அனுமதி கிடைத்தது. இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றும்.

ரோபோ என்றதும் இயந்திரம் தானாக ஓடிவிடுமோ என்றுதான் பயப்படுகிறோம். எதிர்பாராத அசைவு, பாதியில் நின்றுபோவது, பேட்டரி சூடாவது, எல்லாமே உண்மையான ஆபத்துகள்தான். எஃப்டிஏயின் பட்டியலிலும் அவை இருக்கின்றன. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. இதைப் போடுகிறவருக்குக் காலில் வலி தெரியாது.

தொழிற்சாலைகளில் கையைத் தூக்கியபடி வேலை செய்கிறவர்களுக்கும் தோளைத் தாங்கும் இப்படிப்பட்ட சட்டகங்கள் வந்திருக்கின்றன. பட்டை உறுத்தினால் அந்தத் தொழிலாளி தளர்த்திக்கொள்வார், இல்லையென்றால் கழற்றி வைப்பார். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த உறுத்தல் மூளைக்குப் போய்ச் சேராது. நம் முழங்கால் கதவுக் கீல் மாதிரி ஒரே இடத்தில் திரும்புவதில்லை. மடங்க மடங்க அதன் அச்சு கொஞ்சம் நகரும். ரோபோ மூட்டின் அச்சு பெரும்பாலும் அப்படி நகராது. அளவு சரியாக அமையாவிட்டால், ஒவ்வொரு அடியிலும் பட்டை தோலை இழுத்துத் தேய்க்கும். கழற்றிப் பார்க்கும்போதுதான் சிவந்த தடம் கண்ணில் படும். அதைக் கவனிக்காமல் மறுநாளும் மாட்டினால் புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் வந்த புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். அதனால் போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் தோலைப் பார்ப்பதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பின்பக்கத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும்.

அடுத்தது எலும்பு. நிற்காத கால் எலும்பு வேகமாகப் பலமிழக்கும்; முழங்காலைச் சுற்றி அது அதிகம். வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த ஒருவரை எழுப்பி, உடம்பின் எடை முழுவதையும் அந்த எலும்பின் மேல் ஏற்றுகிறோம். விழாமலேயே, பயிற்சியின்போதே குதிகால் எலும்பும் கணுக்கால் எலும்பும் முறிந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. முறிந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. வீக்கம், சூடு, நிறமாற்றம், வழக்கத்தைவிடத் தசை அதிகமாகத் துள்ளுவது, இவைதான் அடையாளம். அதனால் முதலில் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பாருங்கள். அது மிகவும் குறைந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றைக் குடும்பத்தினர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பு 6ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, உணர்ச்சி இல்லாத பகுதியில் ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய சிறுநீர் டியூப், இறுக்கிக் கட்டிய பட்டை, எதுவானாலும் இதைக் கிளப்பிவிடலாம். தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவக்கும், வியர்க்கும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை போகலாம். உடனே உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, டியூபைச் சரிபார்க்க வேண்டும். அப்படியும் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. 20 கிலோவுக்கு மேல் இருக்கும் இயந்திரத்துக்குள் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது இதையெல்லாம் எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும்? வாங்குவதற்கு முன்னால், கூட இருக்கப்போகிறவர் கழற்றிப் பழக வேண்டும். கருவியில் மின்சாரம் நின்றுபோன நிலையிலும் கழற்றிப் பார்க்க வேண்டும். திடீரென்று பேட்டரி தீர்ந்தால் கருவி அப்படியே விறைத்து நிற்குமா, மெதுவாகக் கீழே இறக்குமா, தொய்ந்துவிடுமா என்பதை விற்பவரிடம் கேட்டால் மட்டும் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள்.

விழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் தடுக்கினால் கை தானாக முன்னே போகும், கால் இன்னொரு அடி வைக்கும். இவருடைய இரண்டு கையும் ஊன்றுகோலில், காலோ மோட்டாரின் பிடியில். பின்பக்கமாகச் சாய்ந்தால் தடுக்க எதுவும் இல்லை. அதனால் கூட இருப்பவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், அநேகமாகப் பின்னால் நிற்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஈரமான டைல்ஸ், வாசற்படி, கால்மிதி, இவையெல்லாம் அந்த நேரத்தில் வழியில் இருக்கக் கூடாது.

அப்புறம், பழுதுபார்ப்பு. 2024இல் அமெரிக்காவில் ஒரு முன்னாள் குதிரைப் பந்தய வீரருக்கு நடந்தது இது. 1 லட்சம் டாலர் மதிப்புள்ள அவருடைய கருவியை இயக்கும் கைக்கடிகாரத்தில் சின்னக் கோளாறு. கருவிக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது, அதனால் பழுதுபார்க்க முடியாது என்று தயாரித்த நிறுவனம் சொல்லிவிட்டது. விஷயம் செய்திகளில் வெளிவந்த பிறகுதான் சரிசெய்து கொடுத்தார்கள். ஒரு மனிதரை எழுந்து நிற்கப் பழக்கிவிட்டு, கடிகாரக் கோளாறுக்காக அவரை மறுபடி உட்கார வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நின்றுபோன கருவியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் எண்ணமும் ஆபத்தானது. உள்ளே இருப்பது உணர்ச்சியில்லாத கால். எத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும், யார் வந்து பார்ப்பார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.