பம்ப்பில் கை வைப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தோட்டத்துப் பட்டறையில் தொழில் பழகி, பிறகு ஊருக்குள் சொந்தமாகப் பட்டறை போட்டவன். விடியற்காலையில் எங்கள் லிந்தாங் சாலையில் நின்று பார்த்தால் ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று தெரிந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி, காய்கறியோடு சந்தைக்குப் போகும் பிக்கப், திருவிழாவுக்குக் கூடாரக் கம்பி ஏற்றும் பிக்கப். இவற்றில் நிறைய வண்டிகள் பழைய டீசல் வண்டிகள். கம்ப்யூட்டர் கிடையாது. டீசலை அழுத்தி அனுப்ப ஒரு பம்ப், அதை எஞ்சினுக்குள் பீச்ச நாலு நோசல், அவ்வளவுதான். அந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

வண்டி இழுக்கவில்லை, ஓடி ஓடி நின்றுவிடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டு போனால், "பம்ப் போச்சு" என்ற வார்த்தைதான் பல இடங்களில் முதலில் காதில் விழும். பம்ப்பை இறக்கி ஏற்றினால் பெரிய தொகை. ஒரு பிக்கப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சில மாதச் சேமிப்பு. நான் சொல்வது இதுதான்: பம்ப்பில் கடைசியாகக் கை வையுங்கள். டீசல் தொட்டியில் புறப்பட்டு, குழாய் வழியாக வடிகட்டிக்கு வந்து, அங்கிருந்து பம்ப்புக்குப் போய், நோசலில் முடிகிறது. தேடுகிறவரும் அந்த வழியிலேயே வர வேண்டும். காற்று கலக்காமல், தண்ணீர் கலக்காமல், சுத்தமான டீசல் பம்ப்பின் வாசல் வரை வருகிறதா? அதைப் பார்த்துவிட்டு அப்புறம் பம்ப்பைக் குறை சொல்லலாம்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். பழைய ஜப்பான் பிக்கப் வைத்திருந்தார். காலையில் சாவி திருப்பித் திருப்பி பேட்டரி இறங்கிப் போகும். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டால், மேட்டில் ஏறும்போது திணறும். ஒரு பட்டறையில் நோசல் நான்கையும் மாற்றினார்கள். கொஞ்சமும் மாற்றம் இல்லை. இன்னொரு பட்டறையில் பம்ப்பை இறக்கச் சொல்லிவிட்டார்கள். "தம்பி, பம்ப்பை இறக்கணும்கிறாங்க. நீ ஒரு தடவை பாத்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் வந்தார்.

நான் பானட்டைத் திறக்கவில்லை. "ஐயா, எல்லா இடத்திலும் இப்படித்தான் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டேன். யோசித்தார். சந்தையில் நிறுத்திவிட்டு மத்தியானம் எடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, வீட்டில்தான் இந்தத் தொல்லை என்றார். அவர் வீடு மேட்டில். வண்டியின் மூக்கு மேலே பார்த்தபடிதான் அங்கே நிறுத்த முடியும். சரி, இன்று ராத்திரி மூக்கு கீழே பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள் ஐயா என்றேன். மறுநாள் காலை ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இது ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரிப் பல பிக்கப்புகளில் தொட்டியில் தனி மோட்டார் இல்லை. முன்னால் இருக்கும் பம்ப்தான் டீசலைப் பின்னாலிருந்து உறிஞ்சுகிறது. கீறல் விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பாருங்கள், இளநீரைவிடக் காற்றுதான் அதிகம் வரும். அதே கதை. உறிஞ்சும் பக்கம் என்பதால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை, குழாயில் கசிவு தெரியவில்லை, அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ராத்திரி வண்டி மூக்கைத் தூக்கி நின்றால், அந்தக் கீறல் வழியாகக் காற்று நுழைந்து, குழாயில் இருந்த டீசல் தொட்டிக்கே திரும்பிப் போய்விடும். காலையில் பம்ப்புக்குக் கிடைப்பது வெறும் காற்று.

எங்கே கீறல் என்று கண்டுபிடிக்க இரண்டு காரியம் செய்தோம். வடிகட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவில், டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற ஒரு குழாய்த் துண்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டோம். மிளகு அளவுக்குக் குமிழிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. பெரியவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து, சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு சின்ன டின்னை எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, புதுக் குழாய் போட்டு நேராக வடிகட்டியின் வாயில் கொடுத்தோம். குமிழி நின்றது. ஆக, பம்ப்பும் வடிகட்டியும் நல்லபடியாக இருக்கின்றன, கோளாறு அதற்குப் பின்னால்தான். பின்னாலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கிளிப்போடு கழற்றி வளைத்துப் பார்த்தால், கிளிப் கடித்த இடத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. ஒரு சாண் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது. அவர் அந்தப் பிக்கப்பில்தான் இன்னும் தேங்காய் ஏற்றுகிறார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பல பழைய வண்டிகளில் வடிகட்டியின் தலையில் கையால் அமுக்கும் பம்ப் இருக்கும். அது இறுகும் வரை அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்துங்கள். காலையில் அமுக்கினால் தொளதொள என்று இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். மறுபடியும் சொல்கிறேன், வெளியே சொட்டவில்லை என்பதற்காகக் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பம்ப்புக்குத் தனியாக எண்ணெய் ஊற்றுவதில்லை, டீசல்தான் அதற்கு எண்ணெயும். தண்ணீர் உள்ளே போனால் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் போய், இரும்போடு இரும்பு உரசும், துருவும் பிடிக்கும். பம்ப் நிஜமாகவே கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். வடிகட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைப் பாருங்கள்.

தோட்டத்திலும் சின்னத் துண்டு நிலங்களிலும் டீசலைப் பீப்பாயில் வைத்திருப்பவர்களிடம் இதை நான் எப்போதும் வற்புறுத்திச் சொல்வேன். பீப்பாயை வெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மழை பெய்தால் மேல் மூடியைச் சுற்றித் தண்ணீர் குளமாக நிற்கும். பகலில் வெயிலில் சூடாகி விரிந்த காற்று ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது, அந்தத் தண்ணீரை மூடியின் மரை வழியாகப் பீப்பாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்பார்கள். இருந்தாலும் இழுக்கும். கூரைக்குக் கீழே வையுங்கள். கூரை இல்லையா, படுக்கப் போடுங்கள், இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி. டீசலுக்குள் மூழ்கியிருக்கும் மூடி காற்றையும் தண்ணீரையும் இழுக்காது. தண்ணீர் தங்கிய டீசலில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி போல வரும். வடிகட்டியை அடைப்பது அதுதான்.

கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுக்காமல் நின்று, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறதா? தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் தொட்டிக்குள் உறிஞ்சும் வாயில் குப்பை ஒட்டுகிறது. வண்டி நின்றதும் குப்பை விழுந்துவிடும், ஓடினால் மறுபடி ஒட்டும்.

இந்த இடத்தில் செம்பனை எண்ணெய் கலந்த டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலேசியாவில் 2011இல் ஐந்து விழுக்காடு கலப்பில் தொடங்கி, 2014இல் ஏழு, 2019இல் பத்து என்று உயர்ந்தது. "இந்த எண்ணெய் வந்ததிலிருந்துதான் வண்டி கெட்டுது" என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கலப்பு தொட்டியில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டு வரும், பழைய ரப்பரை ஊறவைத்துத் தளர்த்தும், தண்ணீரையும் சாதாரண டீசலைவிட அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வடிகட்டியைச் சீக்கிரம் மாற்றுங்கள், பழைய ரப்பர் குழாயை ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். நம் ஊரில் விளையும் எண்ணெய், அதற்கேற்ப வண்டியை வைத்துக்கொள்ள நமக்குத் தெரிய வேண்டாமா?

நிகழ்ச்சி நடத்தும் தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார். இன்னும் நோசல், புகை, குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சூடு கொடுக்கும் குளோ பிளக் எல்லாம் இருக்கின்றன. வேகமாகச் சொல்கிறேன்.

சாவியைப் போட்டதும் பம்ப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கு மின்சாரம் போகிறதா என்று ஒயரைப் பாருங்கள்.

எஞ்சின் ஒரு பக்கம் குலுங்கி ஓடினால், பட்டறையில் நோசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போம். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதைப் பழகியவர்கள் மட்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யட்டும். அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வோம்; பழைய நோசலே நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில்தான் திறக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லா நோசலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் வைத்த புது வண்டியில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதில் ஓடும்போது எந்த நட்டையும் தொடவே கூடாது.

புகை கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், நம் செம்மண் பாதையில் அது சீக்கிரம் அடைத்துவிடும். நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. காலையில் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்து, சூடானதும் மறைந்தால் குளோ பிளக்கைச் சந்தேகப்படலாம். பிளக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக்கை மாற்றினால் போதும். நன்றி, வணக்கம்.