சிரட்டை, பாக்கு, பனை வைரம், தாகுவா: வீட்டு லேத்தில் பனைக் குடும்பம்

[காட்சி: மேசையில் நான்கு பொருட்கள். பின்னால் மரம் கடையும் சிறிய லேத் இயந்திரம், அணைந்த நிலையில்.]

வணக்கம். மேசையில் ஒரு சிரட்டை, ஒரு கைப்பிடி கொட்டைப்பாக்கு, இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு முழப் பனங்கை (கூரைக்குப் போடும் பனஞ்சட்டம்), தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வந்த இரண்டு தாகுவா விதைகள் இருக்கின்றன. நிறத்திலும் எடையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தெரிந்தாலும் நான்கும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கையும் வீட்டு லேத்தில் கடையலாம். ஆனால் தேக்கையோ வேம்பையோ கடைந்து பழகிய கையோடு இவற்றிடம் போனால், பாதி உடையும், மீதி பிய்யும்.

காரணம், இவை வளர்ந்த விதம். உளியை எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.

[காட்சி: தேக்குத் துண்டின் வெட்டுமுகமும் பனங்கையின் வெட்டுமுகமும் அருகருகே.]

இடப்பக்கம் தேக்கு. பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு ஆண்டுதோறும் உள்நோக்கி ஓர் அடுக்கு கட்டையைச் சேர்க்கிறது. பழைய அடுக்குகள் நடுவில் முதிர்ந்து, வைரம் எனப்படும் கடினக் கட்டையாகின்றன. வலப்பக்கம் பனை. அதற்கு இந்த வளர்திசு இல்லை, ஆகவே ஆண்டு வளையமும் இல்லை. நீரையும் உணவையும் கொண்டு செல்லும் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன; வெளி ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. வைரம் வெளியே இருக்கிறது, சோறு எனப்படும் மென்பகுதி உள்ளே இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்தே தாவரங்களைப் பிரித்தது. வெளியே வைரம் உள்ளவை புல், உள்ளே வைரம் உள்ளவை மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் கமுகும் புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. லேத்தின் முன் நிற்பவருக்கு இதைவிடப் பயன்படும் பிரிவினை வேறில்லை என்பது என் கருத்து.

[காட்சி: பனங்கை லேத்தில் சுழல்கிறது. உளிமுனை அண்மையில்.]

முதலில் பனை. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நமக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை. ஓட்டு வீடுகளை இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய பனங்கைதான் கடைவதற்கு நல்லது. பல ஆண்டுகள் கூரையில் காய்ந்தது, இனிச் சுருங்கவோ முறுக்கவோ அதில் ஏதுமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காந்தம் வைத்து ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.

பனை வைரத்தில் கறுப்புக் கோடுகளாகத் தெரிபவை நார்க்கற்றைகள். அவற்றுக்கு இடையில் உள்ள வெளிறிய பகுதி மிருதுவானது. இந்த இரண்டையும் ஒரே வீச்சில் உளி வெட்ட வேண்டும். மழுங்கிய உளி மிருதுவானதை அரைத்துத் தள்ளும், நாரை வெட்டாமல் வேரோடு பிடுங்கும். பிடுங்கிய இடத்தில் ஊசித் துளை விழும். போதாக்குறைக்குப் பனை இனத் தண்டுகளில் சிலிக்கா இருக்கிறது. தீட்டிய முனையை அது விரைவில் தின்றுவிடும். ஆகவே தீட்டுக்கல்லை எட்டும் தூரத்திலேயே வையுங்கள். தேக்கில் ஒரு கிண்ணம் முடியும் வரை தாங்கும் முனை, பனையில் கால்வாசி வேலைக்குக்கூடத் தாங்காது.

வேகம் கூட்டி, சீவல் மெல்லியதாக வரும்படி வெட்டுங்கள். கடைசிச் சீவலுக்கு முன் தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூவை மேற்பரப்பில் ஊறவிட்டுக் காயவைத்தால் மிருதுப் பகுதி இறுகும், நார் பெயராது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது, ஆவி கண்ணைக் கரிக்கும். சுழலும் பனையை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பனஞ்சிராய் ஏறிய விரல் ஒரு வாரம் நினைவூட்டும்.

பலன்? நீளவாட்டில் கடைந்தால் கறுப்புக் கோடுகள். முனை வெட்டில் கடைந்தால் அதே நார்கள் புள்ளிகளாகத் தெரியும். ஒரு சிறு குமிழில் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வரும். பேனா உடல், கத்திப்பிடி, அலமாரிக் குமிழ் ஆகியவற்றுக்குப் பனங்கை போதும். பெரிய கிண்ணத்துக்கு வேண்டாம். அகலம் வேண்டுமென்று தண்டின் நடுவை நோக்கிப் போனால் சோறுதான் கிடைக்கும்.

[காட்சி: சிரட்டை. மூன்று கண்கள் அண்மையில்.]

அடுத்தது சிரட்டை. கொட்டாங்குச்சி என்றாலும் இதுதான். இதில் நாரோட்டம் கிடையாது. எந்தத் திசையில் வெட்டினாலும் ஒன்றுதான். வெட்டுவது எளிது. பிடிப்பதுதான் வேலை.

சிரட்டை வட்டமாகத் தெரியும், வட்டமல்ல. சூலகத்தின் மூன்று அறைகளிலிருந்து வந்த காய் என்பதால் மூன்று விளிம்புகள் லேசாகப் புடைத்திருக்கும். சுவரின் தடிப்பு பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். வெளிப்புறத்தை முழு வட்டமாக்கியே தீருவேன் என்று பிடிவாதமாகக் கடைந்தால், ஒரு பக்கம் சுவர் தாளாகி ஓட்டை விழும். புடைத்த இடங்களை மட்டும் தட்டிவிட்டு, மற்ற இடங்களில் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முற்றிய காயின் ஓடுதான் வேண்டும். இளநீர்க் காயின் வெளிறிய ஓடு காயக் காயச் சுருங்கி வெடிக்கும். மட்டையை உரித்து, குறுக்காக அறுத்து, பருப்பை எடுத்துவிட்டு, சமதளப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் விளிம்பைத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

[காட்சி: சக்கில் பிடித்த மரக்குமிழ். அதன் மேல் சிரட்டை கவிழ்கிறது.]

பிடிப்பதற்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி. ஏதாவது ஒரு வேண்டாத கட்டையை, லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பிடித்து, சிரட்டையின் உட்புறத்துக்குப் பொருந்தும் அளவில் ஒரு குமிழாகக் கடையுங்கள். அதன்மேல் மெல்லிய ரப்பர் விரிப்பை வைத்துச் சிரட்டையைக் கவிழ்த்து, லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் அழுத்துங்கள். கண்ணில்லாத பாதியாக இருந்தால் சிக்கலில்லை. கண்ணுள்ள பாதியில் கவனம் வேண்டும். மூன்று கண்களில் ஒன்று மெல்லியது, முளை வெளிவருவது அதன் வழியாகத்தான். டெயில்ஸ்டாக்கின் கூர்முனையை அங்கே வைத்தால் நேராக உள்ளே இறங்கிவிடும். முனைக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு மரவில்லையைக் கொடுத்து, அழுத்தத்தைப் பரப்புங்கள்.

வேகம். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிரட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உடைந்தால் சில்லு அந்த வேகத்தில்தான் கிளம்பும். ஆகவே 500 சுற்றில் தொடங்குங்கள், அதிர்வு இல்லையென்றால் 1000 வரை போகலாம், அதற்கு மேல் இதில் தேவையில்லை. முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு அணிந்து, சுழலும் பொருளுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். குழி உளி வேண்டாம், சுரண்டும் உளி போதும். அதன் முனையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் கொத்தாது.

இதில் வருவது சீவல் அல்ல, மாவு போன்ற கருந்தூசி. என்95 முகக்கவசம் இல்லாமல் சிரட்டையைத் தொடாதீர்கள். உப்புத்தாளில் 120, 240, 400 என்று படிப்படியாக ஏறி, 600இல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கறுப்பின் அடியிலிருந்து பழுப்புக் கீற்றுகள் எழும். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்தச் சிரட்டைக்கு வெள்ளிப் பாதமும் வெள்ளி விளிம்பும் கட்டிச் செல்வர் வீட்டு மதுக்கிண்ணமாக்கினார்கள். நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை வேறு. நம் ஊரில் அகப்பையோடு நிறுத்திக்கொண்டோம். பயன்பாட்டில் அகப்பைக்குத்தான் என் ஓட்டு.

[காட்சி: கொட்டைப்பாக்கு, குறுக்காக வெட்டியது.]

பாக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகவைத்துச் சீவிய பாக்கு ஆகாது, முழுதாகக் காய்ந்த கொட்டைப்பாக்கு வேண்டும். வெள்ளையில் பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? விதையின் மேலுறை உள்நோக்கி மடிந்து மடிந்து உண்டாக்கிய கோலம் அது. கடையக் கடையக் கோலம் மாறிக்கொண்டே வரும். ஒரு கட்டையில் பாக்கின் அளவுக்குக் குழி தோண்டி, ஹாட் குளூவால் உட்காரவைத்து, வெளியே நிற்கும் பாதியை மட்டும் கடையுங்கள். உள்ளே வெடிப்புள்ளவை நிறைய வரும், ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைப்பது நல்லது. மத்தியப் பிரதேசத்தின் ரீவா நகரில் பாக்கிலேயே பொம்மைகளும் சிறு சிலைகளும் செய்யும் கைவினை இருக்கிறது. வீட்டு லேத்தில் சதுரங்கச் சிப்பாயும் மணியும் செய்யலாம்.

[காட்சி: தாகுவா. பாதி தோலோடு, பாதி வெள்ளையாக.]

தாகுவாவைத் தாவரத் தந்தம் என்பார்கள். இளங்காயில் உள்ளே நீர் இருக்கும், பிறகு நுங்குபோல் இறுகும், முற்றினால் கல். நம் பனங்கொட்டைக்குள் நுங்கும் முற்றினால் இப்படித்தான் கல்லாகிறது. இரண்டிலும் விதை தன் உணவைச் சர்க்கரைச் சங்கிலிகளாகச் செல்சுவர்களில் அடைத்து வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈக்வடார் இதைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது, சட்டைப் பொத்தான் செய்ய. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டது.

கடையும்போது இரண்டு விஷயங்கள். விதையின் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும், அது எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது. முதலில் ஒரு பக்கத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று முடிவெடுங்கள். மழுங்கிய உளியால் அழுத்தினால் சூடேறிப் பழுப்பாகிவிடும், அந்தக் கறை போகாது. முனை தீட்டப்பட்டிருந்தால் நீளமான வெள்ளைச் சீவல் வரும். இந்த நான்கில் கடைவதற்கு இன்பமானது இதுதான்.

[காட்சி: கருப்புத் திரையில் நான்கு படங்கள்: சேங்கொட்டை, குன்றிமணி, அரளி, தில்லை.]

ஒரு முறை புதுப்பொருள் ருசி கண்டுவிட்டால் கண்ணில் படும் விதையையெல்லாம் சக்கில் மாட்டத் தோன்றும். திரையில் தெரியும் இந்த நான்கையும் மாட்டாதீர்கள். வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளிக்கும். முந்திரிக் கொட்டையின் மேலோட்டிலும் அதே வகை எண்ணெய்தான். குன்றிமணியின் தோல் உடையாத வரை பெரிய ஆபத்தில்லை. துளையிட்டால் உள்ளிருக்கும் நஞ்சு தூசியாகிறது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும், பிச்சாவரத்துப் படகோட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

மான் கொம்பைக் கடையலாமா என்றும் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வணிகமே குற்றம். காட்டில் உதிர்ந்து கிடந்தது என்ற கதையை நம்பி வாங்காதீர்கள். எருமைக் கொம்பு கிடைத்தால் கடையலாம், முடி கருகும் நாற்றத்தைத் தாங்க முடிந்தால்.

[காட்சி: சிரட்டைக் கிண்ணத்தில் அரக்குக் குச்சி அழுத்தப்படுகிறது.]

மெருகு. தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே பளபளக்கும், ஆனால் அது காய்ந்து படலமாகும் எண்ணெய் அல்ல; சில வாரங்களில் மங்கும், மறுபடி தடவ வேண்டும். ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அதுதான் என் தேர்வு, ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காயும்வரை பொறுக்க வேண்டும்.

அலங்காரப் பொருளுக்கு அரக்கு. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கிறது, பிறகு தாழை இலையை அழுத்தி அதைப் பரப்பி மெருகேற்றுகிறார்கள். எண்ணெய் தொடாத சிரட்டையிலும் பாக்கிலும் இதைச் செய்யலாம். தாழை கிடைக்காவிட்டால் பருத்தித் துணியைச் சிறு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள், விரலில் சுற்ற வேண்டாம், லேத் இழுத்துக்கொள்ளும். அரக்கு பூசிய கிண்ணத்தில் சூடாக எதையும் ஊற்றாதீர்கள், வெள்ளை பூத்துவிடும். வெற்றிலை பாக்கு வைக்கலாம், சில்லறை போட்டு வைக்கலாம்.