பாங்காக்கில் “இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று யாராவது சொன்னால்

[திரையில்: நா பிரா லான் சாலை. வெள்ளை மதிலை ஒட்டி நுழைவாயிலை நோக்கி நகரும் கூட்டம்.]

பாங்காக்கின் பெரிய அரண்மனைக்கு மதிலோரமாக நடந்துகொண்டிருக்கும் உங்களை, நேர்த்தியாக உடுத்திய ஒருவர் நிறுத்தி, எந்த ஊர் என்று நல்ல ஆங்கிலத்தில் விசாரிக்கிறார். இரண்டொரு வார்த்தை பேசிய பின்னர், இன்று புத்த சமய விழா என்பதால் அரண்மனை பிற்பகல் வரை மூடியிருக்கும் என்று வருத்தத்தோடு தெரிவிக்கிறார். பல பத்தாண்டுகளாக அந்தப் பகுதியில் நடந்துவரும் இந்த ஏமாற்று வேலையில் இன்றும் பயணிகள் சிக்குவதால், அது எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

அந்த மனிதர் உங்களிடம் தாய்லாந்து நாணயமான பாட் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அதனாலேயே அவர்மீது நம்பிக்கை பிறக்கிறது. அவர் வரைபடத்தில் இரண்டு மூன்று கோயில்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு, தற்செயலாக வந்து நிற்பதுபோல் தோன்றும் டுக்-டுக் எனும் ஆட்டோவைக் கைகாட்டி அழைத்து, அத்தனை இடங்களையும் 20 பாட்டுக்குச் சுற்றிக்காட்டுமாறு பேசி முடிக்கிறார். அந்தத் தொகைக்குப் பாங்காக்கில் அடுத்த தெருவுக்குக்கூட யாரும் ஓட்டிச் செல்ல மாட்டார்கள். மீதிக் கூலி, வழியில் நிறுத்தப்படும் ரத்தினக் கடையிலிருந்து கமிஷனாக ஓட்டுநருக்குக் கிடைக்கிறது.

[திரையில்: ஒரு சிறு கோயிலின் முற்றம்.]

கோயிலில் சந்திக்கும் இன்னொருவர், அரசு வரியில்லாமல் ரத்தினம் விற்பதற்கு இன்றே கடைசி நாள் என்றும், ஊருக்குக் கொண்டுபோனால் இரு மடங்குக்கு விற்கலாம் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைக்கிறார். ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல் தோன்றும் மூன்று பேர் ஒரே திசையில் கைகாட்டும்போது, விவரமானவர்களும் இளகிவிடுகிறார்கள். வாங்கும் கல் பெரும்பாலும் போலியாக இருப்பதில்லை. தரம் குறைந்த அசல் கல்லுக்குப் பல மடங்கு விலை வைத்திருப்பார்கள். அதை அஞ்சலில் உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று கடைக்காரர் காட்டும் அக்கறைக்குக் காரணம், பாங்காக்கில் இருக்கும்போதே நீங்கள் வேறொரு கடையில் அதை மதிப்பிட்டுப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான்.

அரண்மனை வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30 மணிக்குத் திறக்கும், பிற்பகல் 3.30 மணி வரை நுழைவுச்சீட்டு தருவார்கள். அரச குடும்பச் சடங்குகளுக்காக மூடுவது உண்டு என்றாலும், அதை அரண்மனையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளலாம். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்துவிடுங்கள்.

டாக்சியைப் பொறுத்தவரை, மீட்டர் போட மறுப்பவரிடம் பேரம் பேசாமல் அடுத்த வண்டியைப் பார்ப்பதே நல்லது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் டாக்சி வரிசையிலுள்ள இயந்திரம் தரும் சீட்டில் வண்டியின் விவரம் இருக்கும் என்பதால், ஓட்டுநர் கேட்டாலும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணமும் விரைவுச்சாலைச் சுங்கமும் சேர்வது முறையானதே. அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சீலோம் சாலையை ஒட்டித்தான் பாட்பாங் தெருக்களும் இருக்கின்றன. அங்கு இரவில் மாடியிலுள்ள மதுக்கூடங்களுக்கு அழைத்துச் சென்று, வாசலில் சொன்ன விலைக்குத் தொடர்பே இல்லாத பில்லை நீட்டுவது வாடிக்கை.

[திரையில்: 1155]

ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும், ஆங்கிலத்தில் பேசலாம். பொருள் திருட்டுப் போயிருந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் காவல்துறை அறிக்கையைக் கேட்கும் என்பதால், தாய்லாந்தை விட்டுப் புறப்படும் முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.