டிரவுட் மீனுக்கு ஏற்ற ஃபிளை ரீல்

நேயர்களுக்கு வணக்கம். தூண்டில் கோலில் மாட்டி லைனைச் சுருட்டி வைக்கிற ஃபிளை ரீலை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இதன் டிராக் எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். மீன் இழுக்கும்போது, லைன் சுற்றிய உருளையான ஸ்பூல் தாராளமாகச் சுழலாமல் பிடித்து வைக்கிற அந்த பிரேக்கைத்தான் டிராக் என்கிறோம். டிரவுட் பிடிக்கப் போகிறவருக்கு அதன் பலத்தைவிட, அது எவ்வளவு மென்மையாக விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது என்பதே முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இறகும் நூலும் சுற்றிய ஃபிளை என்ற போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். இங்கே எடை, தடித்த லைனில் இருக்கிறது. ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடி, 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். கோல் வீசுவது அந்த 9 கிராமைத்தான். வீசும்போது லைன் ஏற்கெனவே உருவி விடப்பட்டிருக்கும், ரீலுக்கு வேலை இல்லை. மீன் மாட்டி ஓடும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. அந்த நேரத்தில் மீனுக்கும் நமக்கும் நடுவே இருப்பது 5எக்ஸ் டிப்பெட், அதாவது ஃபிளையைக் கட்டும் 0.15 மில்லிமீட்டர் கனமுள்ள நுனி நரம்பு. முடிச்சு நன்றாக இருந்தால் சுமார் 2 கிலோ தாங்கும். ஆனால் ஒரு வெட்டு இழுப்பு போதும், அறுந்துவிடும்.

ஆகவே கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டிராக்கைப் பாதி இறுக்கி, லைனை விரலால் ஓர் அங்குலம் இழுத்து நிறுத்துங்கள். மறுபடி ஓர் அங்குலம். ஒவ்வொரு முறையும் ஸ்பூல் வழுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். முதலில் முரண்டு பிடித்து, பிறகு சட்டென்று விட்டால், அந்த ரீல் டிப்பெட்டை அறுக்கும். அதை வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லைன் வெளியே போகப் போக, சுற்றின் விட்டம் குறைகிறது. பிரேக் அதேதான், ஆனால் இழுப்பு கூடுகிறது. 7.5 சென்டிமீட்டர் விட்டத்தில் 250 கிராமுக்கு வைத்த டிராக், சுற்று 5 சென்டிமீட்டராக இளைத்ததும் 375 கிராமாகிவிடும். கோல் வளைந்திருக்கும்போது வளையங்களில் ஏற்படும் உராய்வும், தண்ணீரில் கிடக்கும் லைனின் இழுவையும் இதற்கு மேல். 5எக்ஸுக்கு 200, 250 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பெட்டி எடை பார்க்கும் சிறிய ஸ்பிரிங் தராசை லைனில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும்.

டிராக்கில் இரண்டு வகை. ஒன்று டிஸ்க்: கார்க் அல்லது கார்பன் தட்டு அழுத்திப் பிடிக்கும். மற்றது பழைய கிளிக் ரீல். ஸ்பூலின் முதுகில் ஒரு சிறு பற்சக்கரம். சட்டத்தில், ஒரு தகட்டு ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கும் முக்கோண நாக்கு. ஒவ்வொரு பல்லும் அந்த நாக்கைத் தூக்கிவிட்டுப் போகும்போது 'டிக்' என்று கேட்கும். மீன் ஓடினால் அதுவே 'கிர்ர்ர்' என்று நீளும். மீன் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத் தண்ணீரைப் பார்க்காமலே காது சொல்லிவிடும். இங்கிலாந்தில் ஆல்ன்விக் ஊரின் ஹார்டி நிறுவனம் 1891-ல் வெளியிட்ட பெர்ஃபெக்ட் ரீலும் இந்தக் குடும்பம்தான்.

கிளிக்கின் வேலை மீனை நிறுத்துவது அல்ல, ஸ்பூல் தறிகெட்டுச் சுழலாமல் பார்த்துக்கொள்வது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், மீன் சட்டென்று நிற்கும்போது ஸ்பூல் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். தொளதொளத்த சுற்று ஒன்று இன்னொன்றின் அடியில் புகும். அடுத்த ஓட்டத்தில் லைன் இறுகிச் சிக்கும், டிப்பெட் போய்விடும். அதிகமாகப் பிடிக்க வேண்டுமானால் ஸ்பூலின் திறந்த விளிம்பை உள்ளங்கையால் லேசாகத் தடவினால் போதும்; அந்த விளிம்பு இல்லாத கிளிக் ரீலை வாங்காதீர்கள்.

நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் வந்தது 1907-ல், எச். சி. வில்சனின் முயற்சியால். அங்குள்ளது போன்ற குறுகிய குளிர்ந்த ஓடைகளுக்கு, நான்காம் அல்லது ஐந்தாம் எண் கோலுக்கு, என் விருப்பம் தயங்காமல் கிளிக் ரீல்தான். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு, மணல் புகுந்தால் கரையிலேயே கழற்றித் துடைத்துவிடலாம். அங்கே தூண்டில் போட முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஆற்றில் மஹசீர் போன்ற மீனுக்கு எட்டாம் எண் கோல் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு நீர் புகாத டிஸ்க் டிராக் வேண்டும்.

நடுத்தண்டு பருமனான, லார்ஜ் ஆர்பர் எனப்படும் ரீலைத் தேர்ந்தெடுங்கள். சுற்றின் விட்டம் 5 சென்டிமீட்டரானால், 10 மீட்டர் லைனைச் சுருட்ட 64 சுற்று; 7.5 சென்டிமீட்டரானால் 42. மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது இந்த வித்தியாசம் தெரியும். லைனும் சுருள் சுருளாக நினைவு வைத்துக்கொள்ளாது.

எடையையும் பாருங்கள். லைன் சுற்றிய ரீலைக் கோலில் மாட்டி, கார்க் பிடியின் முன்பகுதியில், ஆள்காட்டி விரல் படும் இடத்தில் தாங்கிப் பிடியுங்கள். கோல் மட்டமாக நிற்க வேண்டும். நுனி சாய்ந்தால் மணிக்கட்டு மாலைக்குள் வலிக்கும்.

ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் தாராளமாக நுழைந்து, இன்னோரிடத்தில் இறுகினால் ஸ்பூல் கோணல். அந்த இடைவெளியில் நரம்பு விழுந்து நசுங்கும். வார்ப்பு ரீல் பாறையில் விழுந்தால் விரிசல் விடும். திட அலுமினியத்தைக் கடைந்து செய்தது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

கடைசியாக, லைன் சுற்றுவது. அடியில் பேக்கிங், அதாவது 20 பவுண்டு தாங்கும் டேக்ரான் அடிநூல், ஐம்பது கெஜம் போதும். மேலே 90 அடி லைன். முழுக்கச் சுற்றிய பிறகும் விளிம்புக்குக் கீழே 6 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பரபரப்பில் ஒரு பக்கமாகக் குவித்துச் சுற்றும்போது அந்த இடம்தான் காப்பாற்றும். இல்லையென்றால் லைன் சட்டத்தின் தூண்களில் உரசி, மேற்பூச்சு பெயரும். பேக்கிங் எவ்வளவு பிடிக்கும் என்று சந்தேகமா? முதலில் லைனைச் சுற்றி, அதன் மேல் பேக்கிங்கை அந்த 6 மில்லிமீட்டர் வரும்வரை சுற்றி, வெட்டிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் உருவி, தலைகீழாகச் சுற்றுங்கள். பேக்கிங்கை ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்ந்த பேக்கிங்கில்தான் லைன் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

வீடு திரும்பியதும் ஸ்பூலைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். டிஸ்க் ரீல் என்றால் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த தட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை அந்த முதல் அங்குலத்தில் முரண்டு பிடிக்கும்.